கையெழுத்துக்கு முந்தைய பத்து நிமிடம்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலையில் சிஸ்டர் ஃபைலோடு கட்டிலருகே வருவார். மூன்று நான்கு இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று அவர் விரல் வைக்க வைக்க, நோயாளியோ கூட இருப்பவரோ கையெழுத்துப் போடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரலை மையில் ஒற்றி உருட்டுவார்கள். படிவம் பல இடங்களில் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழில் இருந்தாலும் பத்திர ஆபீஸ் தமிழ். ஒரே வாக்கியம் பாதிப் பக்கத்துக்கு ஓடும். ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டுப் பாட்டிக்கு அந்தப் படிவம் இரண்டு மொழி தள்ளி நிற்கிறது. எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்து, ஃபைலை மூடிவிடுவார்கள். அந்த அரை நிமிடத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய பத்து நிமிடப் பேச்சைத்தான் இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பேச்சு நடந்திருந்தால் கையெழுத்துக்கு அர்த்தம் உண்டு. நடக்காவிட்டால், ஐந்து சாட்சிகளை வைத்து வாங்கினாலும் அது வெறும் மை.

ஒரு சிகிச்சையை முடிவு செய்ய இரண்டு வகைத் தகவல்கள் வேண்டும். நோய் என்ன, அது எப்படிப் போகும், எந்த வைத்தியத்தில் எவ்வளவு பலன், எவ்வளவு ஆபத்து என்பது ஒரு வகை. இதை மருத்துவர்தான் அறிவார். நோயாளியின் பிழைப்பு என்ன, வீட்டில் யாரை நம்பி யார் இருக்கிறார்கள், எந்தக் கஷ்டத்தைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது, எதற்காக உடம்பு குணமாக வேண்டும் என்கிறார் என்பது இன்னொரு வகை. இதை நோயாளி மட்டுமே அறிவார். முதல் வகைக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஆஞ்சியோ என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். இரண்டாவதை அறிய ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியைத்தான் கேட்பதில்லை. முடிவின் தரம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் வாதம். மருத்துவரின் படிப்பு போதாமல் தவறும் முடிவுகளும் உண்டு. அவற்றுக்கு வேறு வைத்தியம் வேண்டும்.

நோயாளியின் மனசு எனக்குத் தெரியும் என்று நினைக்காத மருத்துவர் குறைவு. அந்த நினைப்பு எவ்வளவு பிசகும் என்பதற்கு அளவு இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் எத்தனை பேர் மார்பகத்தைக் காப்பாற்றிக்கொள்வதை முதல் விருப்பமாகச் சொல்வார்கள் என்று மேல்நாட்டு ஆய்வொன்றில் மருத்துவர்களிடம் கேட்டபோது, நூற்றுக்கு 71 பேர் என்று கணித்தார்கள். பெண்களையே கேட்டபோது நூற்றுக்கு 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை இதை எடுத்துக்காட்டி, நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு நோயாளியின் விருப்பத்தைத் தவறாகக் கண்டுபிடிப்பதும் ஒரு நோயறிதல் பிழையே என்று வாதிட்டது. நம் பக்கத்துக் கதையும் அதேதான். கண்புரை அறுவையை இலவசமாகச் செய்யும் முகாம்கள் தென் மாவட்டங்களுக்குப் புதிதல்ல. 1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய பிறகு அவை ஊர் ஊராகப் பரவின. ஆனாலும் தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண் கோளாறு இருந்த பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்கே முகாமுக்கு வந்ததாகக் கண்டது. வராதவர்களைக் கேட்டபோது பயம் என்றார்கள், வீட்டுப் பொறுப்பு என்றார்கள், போக்குவரத்து, சாப்பாடு, கூலி இழப்பு என்றார்கள். இலவச அறுவை அவர்களுக்கு இலவசமாக இல்லை. "விழிப்புணர்வு இல்லாத ஜனங்கள்" என்று மேலிருந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. கேட்டவர்களுக்குத் தெரிந்தது.

இந்த இரட்டைக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் முழுதாகப் பார்க்கலாம். ஐம்பத்தைந்து வயது நூற்பாலைத் தொழிலாளி ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக நடந்தால் நெஞ்சு அடைக்கிறது, நின்றால் சரியாகிறது; ஆறு மாதமாக இப்படியே கூடாமல் குறையாமல் இருக்கிறது. ஆஞ்சியோவில் ஒரு குழாயில் அடைப்பு. "உடனே ஸ்டென்ட் வெச்சிருங்க, இல்லைன்னா அட்டாக் வந்திரும்" என்று வீட்டார் நம்புகிறார்கள். இப்படி நம்புகிறவர்கள் அவர்கள் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஓர் ஆய்வில், ஸ்டென்ட் வைப்பதற்குச் சம்மதித்த நோயாளிகளில் 88 சதவீதம் பேர், அது வருங்கால மாரடைப்பைத் தடுக்கும் என்றே நினைத்திருந்தார்கள். ஆனால் 2007-இல் 2,287 நோயாளிகளை வைத்து வெளியான கரேஜ் ஆய்வு, இப்படி நிலையாக இருக்கும் நெஞ்சுவலிக்காரர்களில், நல்ல மருந்துகளோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ வித்தியாசம் இல்லை என்று காட்டியது. 2020-இல் இந்தியா உட்பட 37 நாடுகளின் 5,179 நோயாளிகளை வைத்து வந்த இஸ்கீமியா ஆய்வும் அதே பக்கம்தான் நின்றது. ஸ்டென்ட் தருகிற உறுதியான பலன், அடிக்கடி நெஞ்சு வலிக்கிறவருக்கு அந்த வலி குறைவது. இங்கே எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி, நாளுக்கு நாள் கூடும் வலி, மாரடைப்பு, இதயத்தின் இடது முதன்மைக் குழாயில் அடைப்பு ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே குழாயைத் திறப்பது உயிரைக் காக்கும் வேலை. மாரடைப்பில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இப்போது அந்தத் தொழிலாளியிடம் திரும்புவோம். அவருக்கு எது சரி என்பதை ஆஞ்சியோ படம் சொல்லாது. வாரம் நான்கு முறை வலி வந்து, இயந்திரத்தின் நீளத்துக்கும் நடக்க முடியாமல் ஷிஃப்டே போகிறது என்றால், வலியைக் குறைக்கும் ஸ்டென்டுக்கு நல்ல நியாயம் உண்டு. மாதம் ஒருமுறை, படி ஏறும்போது மட்டும் லேசாகத்தான் வருகிறது என்றால், மருந்தோடு இருந்து பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைப் பல மாதம் ஒருநாளும் விடாமல் போட வேண்டும். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளக்கூடும். நைட் ஷிஃப்டும் பகல் ஷிஃப்டும் மாறி மாறி வருகிறவர் மாத்திரை நேரத்தைத் தவறவிடுவாரா? அடுத்த இரண்டு மாதத்தில் பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ திட்டம் இருக்கிறதா? இ.எஸ்.ஐ.யில் இருக்கிறாரா? இருந்தால், தகுதிக்கேற்ற சந்தா செலுத்தியிருக்கும்போது, சான்றிதழோடு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஒப்பந்தக் கூலியாக இருந்தால் பெரும்பாலும் அதுவும் இல்லை. இவற்றில் ஒன்றும் இதயத்தைப் பற்றிய கேள்வி கிடையாது. ஆனாலும் முடிவைத் திருப்பக்கூடியவை இவைதான்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊருக்கும் உரிய பிழைப்புகளை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விகள் தானாக வரும். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிறவர்கள் நெய்கிற பேண்டேஜ் துணி உலகமெங்கும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறது. அவர்களுக்கு முழங்கால் தேய்ந்தால், நாள் முழுக்க நின்று வேலை செய்ய முடியுமா என்பதுதான் அறுவையின் வெற்றிக்கு அளவுகோல். எக்ஸ்ரேயில் மூட்டு எப்படித் தெரிகிறது என்பது அதற்கு அடுத்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்தால், "இனிப்பு கூடாது" என்ற ஒற்றை வரி ஆலோசனை போதாது. அடுப்பு வெக்கையில் மணிக்கணக்காக நிற்கிறவர், பதம் பார்க்க வாயில் வைக்கிறவர், சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகிறவர். சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளும் இன்சுலினும் நேரம் தப்பிய சாப்பாட்டோடு சேர்ந்தால் மயக்கத்தில் கொண்டுவிடும். எந்த மாத்திரை, எந்த வேளை என்பதை அவர் நாள் கழிகிற விதத்தைக் கேட்காமல் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவது போலத்தான். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் அந்தப் பணியாளருக்குத் தெரியும் விவரம், ஓ.பி. சீட்டில் எழுதும் மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. அவர் சொல்வதை மருத்துவர் கேட்டு வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

"மதுரைக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்பது இங்கே அடிக்கடி காதில் விழும் வாக்கியம். பெரிய வைத்தியத்துக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போவதுதான் வழக்கம். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபின் தூரம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. அப்படி எழுதிக் கொடுப்பதும் ஒரு மருத்துவ முடிவுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எதற்காக அனுப்புகிறார்கள், அங்கே என்ன செய்வார்கள், போகாவிட்டால் என்ன ஆகும், இரண்டு நாள் கழித்துப் போனால் வித்தியாசம் உண்டா, கூட ஒருவர் தங்க வேண்டுமா என்ற ஐந்துக்கும் பதில் தெரியாமல் பஸ் ஏறுகிறவர்கள் பலர். பாதி வழியில் மனசு மாறி நாட்டு வைத்தியத்துக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள்மேல் கோபப்படுவதற்கு முன், அந்த ஐந்து பதில்களையும் யாராவது சொன்னார்களா என்று பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பதுதான் முதல் ஆட்சேபம். அது நியாயமான ஆட்சேபம். 2017-இல் 67 நாடுகளின் கணக்கைத் திரட்டிய ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் தரும் நேரம் சுமார் 2 நிமிடம் என்றது. அரசு மருத்துவமனையின் திங்கட்கிழமை ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்கள் அதைக்கூட அதிகம் என்பார்கள். ஆனால் கேட்பதற்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்? 1984-இல் அமெரிக்காவில் அளந்தபோது, நோயாளி பேச ஆரம்பித்த சராசரி 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். 2002-இல் சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக ஒன்றரை நிமிடத்தில் தாங்களே பேசி முடித்துவிட்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. வெவ்வேறு வழிகளின் நன்மை தீமைகளை எண்களோடும் படங்களோடும் காட்டும் முடிவுத் துணைக் கையேடுகளைப் பற்றி 2024-இல் காக்ரேன் அமைப்பு 209 ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் நோய் பற்றித் தெளிவு கூடியது, ஆபத்தைச் சரியாக மதிப்பிட்டார்கள், குழப்பம் குறைந்தது. ஆலோசனையின் நடுவே பயன்படுத்தினால் ஒன்றரை நிமிடம் போலக் கூடுதலாகிறது; முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை. வரிசையில் இரண்டு மணி நேரம் காத்திருக்கும் நோயாளிக்கு அந்த இரண்டு மணி நேரமே கிடைத்திருக்கிறது. தமிழில் நான்கு பக்கத் தாள் ஒன்றை அப்போது கொடுத்து, படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்ல ஒருவரை வைத்தால், மருத்துவரின் நிமிடத்தில் கை வைக்காமலே வேலை நடக்கும். முக்கியமாக, பத்து நிமிடம் தேவைப்படுவது எல்லா நோயாளிக்கும் அல்ல. சளிக்கும் காய்ச்சலுக்கும் இரண்டு நிமிடம் போதும். கத்தி, ஸ்டென்ட், ஆயுள் முழுக்க மாத்திரை, கர்ப்பப்பையை எடுப்பது போன்ற எளிதில் திரும்பப் பெற முடியாத முடிவுகளுக்குத்தான் பத்து நிமிடம்.

"நீங்களே பாத்துச் செய்யுங்க டாக்டர், எங்களுக்கு என்ன தெரியும்?" என்று நோயாளியே சொல்லிவிடுகிறாரே, அவரைப் போட்டு ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இந்த வாக்கியத்தில் இரண்டு பொருள் இருக்கலாம். எல்லாம் விளங்கிக்கொண்டபின், உங்கள்மேல் நம்பிக்கை வைத்து விடுகிறேன் என்பது ஒன்று. அதை மதித்து மருத்துவரே முடிவெடுக்கலாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கேட்டால் கோபித்துக்கொள்வீர்களோ என்று பயமாக இருக்கிறது என்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சத்தம்தான். பிரித்தறிய ஒரே வழி, "சரிம்மா, நான் பாத்துக்கறேன், ஆனா வீட்டுல போய் உங்க மகன் கேட்டா என்ன ஆபரேஷன்னு சொல்வீங்க?" என்று கேட்டுப் பார்ப்பது. சொன்னதை அவர் வாயால் திரும்பச் சொல்ல வைக்கும் இந்த எளிய வழிதான் புரிந்ததா இல்லையா என்பதைக் காட்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். படிப்பில்லாதவர்களுக்கு இதெல்லாம் எட்டாது என்பதையும் சான்றுகள் ஏற்கவில்லை. 2014-இல் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, சேர்ந்து முடிவெடுக்கும் முறையால் பின்தங்கிய மக்களே கூடுதலாகப் பயன்பெறக்கூடும் என்றது. நகை அடகு வட்டியை மனக்கணக்காய்ப் போடுகிற ஒரு பெண்ணுக்கு, நூறு பேரில் ஐந்து பேருக்கு இப்படி ஆகும் என்பது விளங்காது என்று சொல்வதில் நியாயமே இல்லை.

குடும்பம் முடிவெடுப்பது நம் வழக்கம், நோயாளி தனியாள் இல்லை என்பார்கள். குடும்பம் கூட இருப்பது பெரிய பலம். அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் கூட இருப்பதற்கும் பதிலாக நிற்பதற்கும் இடையே ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டை உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று சமீரா கோஹ்லி வழக்கில் அழுத்தமாகப் போட்டது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் நோய் என்னவென்று பார்ப்பதற்கான லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்தார். வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கி, அவருடைய கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நோயாளி மயக்கம் தெளியும்வரை காத்திருக்க முடியாத அவசரம் எதுவும் இல்லை. முடிவெடுக்கும் திறனுள்ள, வயது வந்த ஒருவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். கருக்கலைப்புச் சட்டப்படியும் வயது வந்த, மனநலமுள்ள பெண்ணின் சம்மதம் மட்டுமே வேண்டும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. நம் ஊர்களில் இன்னும் பல இடங்களில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றுதான் சொல்கிறார்கள். முதியவர்களின் கதை வேறு விதம். புற்றுநோய் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அப்பாவிடம் மறைப்பது அன்பினால்தான். ஆனால் நிலத்தை எழுதிவைக்க வேண்டியவர், பேச வேண்டியவரோடு பேச வேண்டியவர் அவர். அவரிடமே, "உங்க உடம்பைப் பத்தின விவரம் உங்ககிட்ட சொல்லணுமா, மகன்கிட்ட சொல்லட்டுமா?" என்று முன்கூட்டியே கேட்டால் ஒருவரையும் புண்படுத்தாமல் வழி பிறக்கும். இறுதிக் கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை முன்பே எழுதிவைக்க 2018 மார்ச் 9 தீர்ப்பு வழி திறந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

நோயாளி கேட்டதையெல்லாம் கொடுப்பதா என்பது மருத்துவர்கள் வைக்கும் கடைசி ஆட்சேபம். "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க", "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்ற வற்புறுத்தல்களோடு தினமும் போராடுகிறவர்கள் அவர்கள். இந்தக் கவலையில் உண்மை உண்டு. நோயாளியை நடுவில் வைப்பதென்றால் தேவையில்லாத ஊசிக்குச் சம்மதிப்பது என்று அர்த்தமில்லை. குளுக்கோஸ் கேட்கிறவர், நாளைக்கு வேலைக்குப் போயாக வேண்டும் என்று கேட்கிறார். அந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டால் வேறு வழி காட்டலாம். பிரசவத்தில் இது இன்னும் கூர்மை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. ஒரே மாநிலத்துப் பெண்களின் உடம்பு மருத்துவமனை வாசலைப் பொறுத்து இவ்வளவு மாறாது. உயிர் காத்த சிசேரியன்கள் இதில் ஏராளம். வலிக்குப் பயந்தும், நல்ல நேரம் பார்த்தும், வழக்குக்கு அஞ்சியும், விடிய விடியக் காத்திருக்க ஆள் இல்லாமலும் நடந்தவையும் உண்டு. அடுத்த பிரசவத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தை ஏழாம் மாதத்திலேயே கேட்டறிந்த பெண் எடுக்கும் முடிவு வேறாக இருக்கலாம். இல்லை, எனக்கு ஆபரேஷன்தான் என்று அவர் தெரிந்தே சொன்னாலும், அது அவருடைய முடிவாக இருக்கும்.

காப்பீட்டு அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆயிரமாயிரம் குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. ஆனால் "கார்டுல வருது, செஞ்சிக்கலாம்" என்பது சிகிச்சைக்கான காரணம் ஆகாது. கார்டில் வருகிறதா என்பதைச் சிகிச்சை தேவை என்று முடிவான பிறகே கேட்க வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ பெரிய வைத்தியம் ஒன்றைச் சொன்னால், பயப்படாமல் கேளுங்கள்: இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி என்ன, நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்குப் பலன், எத்தனை பேருக்குக் கெடுதல், இன்றே செய்ய வேண்டுமா. பதிலை ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்: என்ன வேலை, எத்தனை நாள் லீவு கிடைக்கும், யார் பார்த்துக்கொள்வார்கள், எது உங்களுக்கு முக்கியம். இன்னொரு மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றால் மருத்துவக் குறிப்புகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர்கள் தாங்களே அதைச் சொல்வார்கள். இவ்வளவும் ஆனபின் கையெழுத்துப் போடுங்கள். போட்டுவிட்டீர்கள், இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, காலையில் மனசு வேறு சொல்கிறது என்றால், தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போதும் "வேண்டாம், இன்னொரு முறை டாக்டர்கிட்டப் பேசணும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.